பேஸ் மாற்றினால் பேஸ் வருமா?

"பேஸ் மாத்திப் பாருங்க சார், பேஸ் நல்லா வரும்." காரில் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர், மாட்டிக்கொண்டவர்கள் இதைக் கடையில் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். இதில் முதல் பேஸ் அலையின் நிலையைக் குறிப்பது. இரண்டாவது பேஸ் நெஞ்சில் வந்து இடிக்கும் தாழ்ந்த ஒலி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்தும் வேறு, உச்சரிப்பும் வேறு. நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. போதாக்குறைக்குப் பெட்டியின் அடிப்பலகையும் பேஸ்தான். சிலர் ஃபேஸ் என்று ஆய்தம் போட்டு எழுதுகிறார்கள். எழுத்தில் சரி, ஆம்ப்ளிஃபயர் அலறும் கடையில் அந்த ஆய்தம் யார் காதிலும் விழாது.

முதல் பேஸைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது: ஃபாசிஸ் என்றால் தோற்றம், வெளிப்படுதல். ஐரோப்பியர்கள் அதை முதலில் நிலாவுக்குத்தான் பயன்படுத்தினார்கள். தேய்ந்து வளரும் நிலா ஒவ்வொரு நாளும் காட்டும் முகம்தான் பேஸ். திரும்பத் திரும்ப வரும் எந்தச் சுழற்சியிலும் 'இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம்' என்பதைச் சொல்ல அப்புறம் இயற்பியல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கிரேக்கம் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் போதும். திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவிலுள்ள கோணம். 12 பாகைக்கு ஒரு திதி, 30 திதிக்கு 360 பாகை. அமாவாசை சுழியம், பௌர்ணமி 180. பஞ்சாங்கம் கணிப்பவர் நாள்தோறும் குறித்துக் கொடுப்பது இரண்டு சுழற்சிகளுக்கு இடையிலுள்ள பேஸ் வித்தியாசத்தைத்தான். சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயரில் 0, 180 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்குமே, அதில் எழுதியிருப்பது அமாவாசையும் பௌர்ணமியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஸ்பீக்கருக்கு வருவோம். ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னும் பின்னும் அசையும் கூம்பு, முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. அதாவது ஒரே கோன் முன்னால் ஓர் அலையையும் பின்னால் அதற்கு நேர் எதிரான அலையையும் அனுப்புகிறது. பெட்டியில் மாட்டாத சப்வூஃபரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பாருங்கள். கோன் துள்ளும், கை அதிரும், ஆனால் பேஸ் இருக்காது. பின்னலை சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கும் மேல். ஒரு ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்கு ஒரு தூரமே இல்லை. பெட்டி என்பது முதலில் இந்த இரண்டையும் பிரித்து வைக்கும் சுவர். திருகு சரியாக இறுகாமலோ, ஓரத்தில் காற்றை அடைக்கும் கேஸ்கெட் போடாமலோ இடைவெளி விட்டால் அந்தச் சுவரில் ஓட்டை. குழாய் வைத்த பெட்டியில் கதை கொஞ்சம் தந்திரமானது. குழாயின் இசைவு அதிர்வெண்ணை, அதாவது குழாய்க் காற்று தானாகவே வலுவாக அதிரும் அதிர்வெண்ணை, ஒட்டி பின்னலை திரும்பி முன்னலையோடு ஒத்து வெளியே வருகிறது. அதற்கும் கீழே போனால் குழாயும் கோனும் மறுபடி ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும்.

நான் வாங்கிய பழைய ஹேட்ச்பேக்கின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் ஏற்கெனவே இருந்தது. யார் மாட்டியது என்று தெரியாது. மேக்னெட் வெளியே தெரியும்படி கவிழ்த்து மாட்டியிருந்தார்கள், பார்ப்பதற்குக் கெத்தாகத்தான் இருந்தது. டிக்கியைத் திறந்து வைத்துப் பின்னால் நின்றால் இடி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் தவிலில் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலை மட்டும் கேட்கும், தாழ்ந்து ஒலிக்கும் தொப்பிப் பக்கத்தைக் காணோம். வால்யூம் கூட்டினேன், நம்பர் பிளேட்தான் கூடுதலாக அதிர்ந்தது.

தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் பாட்டே போடவில்லை. ஆம்ப்ளிஃபயரில் இருந்து சப்வூஃபர் வயரைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்து ஒரு 9 வோல்ட் பேட்டரியை எடுத்தார். சிவப்பு வயரில் பாசிட்டிவ், கறுப்பில் நெகட்டிவ், ஒரு கணம் தொட்டு எடுத்தார். 'டப்'. கோன் பெட்டிக்குள் போய் வந்தது. "பாத்தீங்களா தம்பி, உள்ள இழுக்குது. வெளிய தள்ளணும்."

பொதுவாகப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் மேக்னெட்டை விட்டு விலகும். சாதாரணமாக மாட்டிய ஸ்பீக்கரில் அது வெளிப்பக்கம். கவிழ்த்து மாட்டினால் அதே அசைவு பெட்டிக்குள் போகிறது. ஆக, முன் கதவு ஸ்பீக்கர்கள் காற்றைத் தள்ளும்போது என் சப்வூஃபர் இழுத்துக்கொண்டிருந்தது. கதவு ஸ்பீக்கர்களுக்குத் தாழ்ந்த ஒலியை வடிகட்டும் ஃபில்டர் எதுவும் போடாமல் முழு ஒலியையும் விட்டிருந்ததால், இரண்டும் சேர்ந்து பாடும் தாழ்ந்த பகுதியில் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. காருக்குப் பின்னால் நின்றால் சப்வூஃபர் மட்டுமே காதில் விழும், அதனால் அங்கே இடி. சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தார். தொப்பி வந்துவிட்டது.

இங்கேதான் சொல்லில் ஒரு சிக்கல். அண்ணன் மாற்றியது பேஸை அல்ல. பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறியது, அவ்வளவுதான். அதற்குச் சரியான பெயர் முனைவு. முனைவை மாற்றினால் எல்லா அதிர்வெண்களும் ஒரே அடியாகத் தலைகீழாகும். ஆம்ப்ளிஃபயரின் 0, 180 ஸ்விட்ச் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான். ஆனால் ஸ்விட்சின் மேல் பேஸ் என்று அச்சடித்திருப்பார்கள்.

உண்மையான பேஸ் தூரத்தாலும் நேரத்தாலும் வருவது. கதவு ஸ்பீக்கரை விட சப்வூஃபர் என் காதுக்கு 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஒலி அந்த 1 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி நொடி. 40 ஹெர்ட்ஸில் அந்தத் தாமதம் 42 பாகை, அதாவது நடுச் சதுர்த்தி. இன்னும் அமாவாசைப் பக்கம்தான். இரண்டு அலைகளும் நன்றாகவே கூடும். 80 ஹெர்ட்ஸில் அதே 1 மீட்டர் 84 பாகை ஆகிவிடுகிறது. சப்தமி முடிந்து அஷ்டமி பிறக்கும் இடம், கிட்டத்தட்ட அரைநிலா. இங்கே வயரை மாற்றினாலும் வளர்பிறை அரைநிலா தேய்பிறை அரைநிலா ஆகும், அவ்வளவே. காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 'ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை' என்று சொல்பவர்கள் பலர் இந்த அஷ்டமியில் மாட்டியவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது தாமதம். டேஷ்போர்டில் பாட்டுப் போடும் ஹெட் யூனிட்டில் ஸ்பீக்கர் தூரத்தைச் சென்டிமீட்டரில் போடும் வசதி இருந்தால் முன் ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் காக்க வைக்கலாம். இல்லையென்றால் பெட்டியை நகர்த்தியும், டிக்கிக் கதவைப் பார்த்தபடி திருப்பியும் பார்க்க வேண்டும்.

ஃபில்டர் போட்டாலும் பேஸ் நகரும். ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், ஒலியை 12 டெசிபெல் குறைக்கும் ஃபில்டரை சப்வூஃபருக்கும் கதவுக்கும் ஒரே அதிர்வெண்ணில் வைத்தால், அந்த இடத்தில் இரண்டுக்கும் 180 பாகை வித்தியாசம் தானாக வந்துவிடும். அப்போது வயரை வேண்டுமென்றே மாற்றிக் கொடுப்பதே சரியாக அமையலாம். பேட்டரி கோனின் திசையைத்தான் சொல்லும். கடைசித் தீர்ப்பு இருக்கையில் உட்கார்ந்திருக்கும் காதுடையது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் கட்டம் என்கிறது. பேஸ் வித்தியாசம் கட்ட வேறுபாடு. ஜாதகக் கட்டம், தாயக் கட்டம் எல்லாம் நினைவுக்கு வந்தாலும், 'எந்தக் கட்டத்தில் இருக்கிறது' என்று கேட்பது நம் பேச்சில் ஏற்கெனவே உள்ளதுதான். அதனால் என் ஓட்டு கட்டத்துக்கே. சேர்ந்து அசைந்தால் ஒத்த கட்டம், முரண்பட்டால் எதிர்க்கட்டம்.

மின்சாரத்தில் மட்டும் நாம் வேறு வழியில் போய்விட்டோம். பம்புசெட்டுக்கு வரும் த்ரீ பேஸ் மும்முனை மின்சாரம் ஆனது. அங்கே 120 பாகை இடைவெளியில் ஓடும் மூன்று கட்டங்களை முனை என்றோம். காரிலோ முனையைப் போய்க் கட்டம் என்கிறோம். இரண்டு தவறும் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன, ஆனாலும் அழிந்து தொலையவில்லை. இலங்கைப் பாடநூல்களில் பேஸ் என்பது அவத்தை. அங்கே அது நிலை என்ற பொருளில் வரும் நல்ல சொல். நம் பக்கம் அதன் உடன்பிறப்பான அவஸ்தைக்குத் துன்பம் என்றே பொருள் நின்றுவிட்டது. என் காரின் பழைய நிலைக்கு அதுவும் பொருத்தமே.

சப்வூஃபரையும் தமிழாக்கலாமே என்று கேட்பீர்கள். வூஃப் என்பது நாய் குரைக்கும் ஒலி. அதிலிருந்து வூஃபர், அதற்கும் கீழே இறங்குவது சப்வூஃபர். குருவி கீச்சிடுவது ட்வீட்டர். பழந்தமிழிசை தாழ்ந்த தளத்தை மெலிவு என்றது. கண்ணாடியை நடுங்க வைக்கும் ஒன்றை மெலிவொலிப்பான் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. சப்வூஃபர் அப்படியே இருக்கட்டும்.

மெக்கானிக் அண்ணனுக்கு முனைவு, கட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வேலை முடிந்ததும் கறுப்பு மார்க்கரை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதினார்: "மேக்னெட் வெளிய. வயர் மாத்தி குடுத்திருக்கு. மறுபடி மாத்தாதே."