பரிசுத்தொகையைப் பாதியாக வகுத்துப் படியுங்கள்

2025 விம்பிள்டன் முடிந்த மறுவாரம் ஒரு அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்குப் பத்தொன்பது வயது. நேராகப் பயிற்சியிலிருந்து வந்திருக்கிறான்; சட்டையின் வலது தோள்பட்டையில் ஐஸ் வைத்த ஈரம் காயவில்லை. அப்பா கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். ஆடவர் இரட்டையர் சாம்பியன்களுக்கு 6,80,000 பவுண்டு என்று ஒரு செய்தி.

"சார், சிங்கிள்ஸ் இவனுக்கு சரிப்பட்டு வரல. டபுள்ஸுக்கு மாறிடலாம்னு இருக்கோம். வீட்டு மேல லோன் கேட்டிருக்கேன், பேங்க்ல அஞ்சு வருஷ புரொஜெக்‌ஷன் கேக்கறாங்க. போட்டுத் தர முடியுமா?"

நான் ஆடிட்டர். டென்னிஸ் ராக்கெட்டை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. பல வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தபோது அவன் கணக்கைப் பார்த்துக் கொடுத்தேன். அவன் சொல்லி இன்னொருவன், அவன் சொல்லி இன்னொருவன் என்று வந்து சேர்ந்ததில் சில ஆட்டக்காரர்களின் வரவு செலவு என்னிடம் இருக்கிறது. அந்தக் கணக்குகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேக்ஹேண்ட் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். அந்த 6,80,000 பவுண்டு ஜோடிக்கு, ஆளுக்கு 3,40,000. அதே வருடம் ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்டு. சரி, சாம்பியன் கதையை விடுங்கள், முதல் சுற்றிலேயே தோற்றால்? ஒற்றையரில் 66,000 பவுண்டு. இரட்டையரில் ஜோடிக்கு 16,500, ஆளுக்கு 8,250. சரியாக எட்டில் ஒரு பங்கு. விம்பிள்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. டூருக்கு ஒரு படி கீழே இருக்கும் சேலஞ்சர் போட்டியில் முதல் சுற்றோடு வெளியேறினால் ஜோடிக்குக் கிடைப்பது சில நூறு டாலர். அதையும் இரண்டாக வகுக்க வேண்டும். ஒரு வழி விமான டிக்கெட்டுக்குக் கூடப் போதாது.

செய்தித்தாளில் வரும் தொகை எப்போதும் ஜோடிக்கான தொகைதான். இதை உறவினர்களுக்குப் புரியவைப்பதற்குள் என் கட்சிக்காரர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பையன்தான் முக்கியமான கேள்வியைக் கேட்டான். "அங்கிள், மொதல்ல டிராவுக்குள்ள எப்படிப் போறது?" டிரா என்றால் ஒரு போட்டியில் ஆட இடம் பெற்றவர்களின் பட்டியல். அப்பாவுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அவர் மனதில் டபுள்ஸ் என்பது சிங்கிள்ஸில் இடம் கிடைக்காதவர்களுக்குத் திறந்து வைத்த பக்கவாட்டுக் கதவு. உண்மையில் அந்தக் கதவு குறுகல். இருவரின் தரவரிசை எண்ணையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக உள்ள ஜோடிகளை உள்ளே எடுக்கிறார்கள். கிராண்ட் ஸ்லாமில் 64 ஜோடிகளுக்கு இடம் உண்டு. ஆண்களுக்கான தொழில்முறை டூரை நடத்தும் ஏடிபி அமைப்பின் சின்னப் போட்டிகளில் 16 ஜோடிகள்தான். அதிலும் ஒற்றையர் ஆடுகிறவர்கள் தங்கள் ஒற்றையர் ரேங்கைக் காட்டி உள்ளே வரலாம். அந்த வாரம் பெரிய ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவர் கை பழக்கிக்கொள்ள நண்பரோடு டபுள்ஸும் ஆடலாம் என்று பெயர் கொடுத்தால், அதையே தொழிலாக வைத்திருக்கும் இருவர் வெளியே நிற்பார்கள். வெளியே என்றால் வீட்டில் அல்ல. அந்த ஊருக்கே போய், ஆல்டர்நேட் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, யாராவது கடைசி நேரத்தில் விலகுவார்களா என்று கோர்ட் ஓரம் காத்திருப்பார்கள். இடம் கிடைக்காவிட்டால் அந்த வாரக் கணக்கில் வரவுப் பக்கம் காலி. விமானம், அறை, சாப்பாடு, விசா எல்லாம் செலவுப் பக்கம் அப்படியே நிற்கும்.

அதனால்தான், டபுள்ஸுக்குப் போகிறேன் என்று சொல்லும் பதின்வயதுப் பிள்ளைகளிடம், ஒற்றையர் ரேங்க் ஒன்றை முதலில் சம்பாதித்துக்கொள் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். கணக்குப்படியும் அது சரி. அமெரிக்கக் கல்லூரி வழியும் மோசமில்லை. அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் இரட்டையருக்கென்றே தனிப் புள்ளி உண்டு. உதவித்தொகை கிடைத்தால் படிப்புச் செலவு அதில் போகும், ஆட்டமும் பழகும். சென்னையின் இடதுகை ஆட்டக்காரர் ஜீவன் நெடுஞ்செழியன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிவிட்டு வந்தவர்தான்.

ஜீவனைச் சொன்னதும் இரண்டு இறுதிப் போட்டிகள் நினைவுக்கு வருகின்றன. 2017 ஜனவரி, நுங்கம்பாக்கம். ரோகன் போபண்ணாவும் ஜீவனும் ஒரு பக்கம், பூரவ் ராஜாவும் திவிஜ் சரணும் எதிர்ப்பக்கம், நால்வரும் இந்தியர்கள். கோப்பை போபண்ணா ஜோடிக்கு. அதுதான் சென்னையில் நடந்த கடைசி ஏடிபி டூர் போட்டி. அடுத்த வருடம் அது புனேவுக்குப் போனது, பிறகு நாட்டை விட்டே போய்விட்டது. இப்போது இங்கே ஆண்களுக்குச் சேலஞ்சர்கள்தான். உள்ளூரில் ஒரு டூர் போட்டி என்றால் வைல்டு கார்டு, அதாவது ரேங்க் போதாவிட்டாலும் அமைப்பாளர்கள் தரும் இடம், கிடைக்கலாம், விசா வேண்டாம், சொந்த வீட்டில் தூங்கலாம். என் பேரேட்டில் அது ஒரு தனி வரி. அந்த வரி இப்போது இல்லை.

இன்னொன்று 2024 செப்டம்பர், சீனாவின் ஹாங்சோ. ஜீவனும் இன்னொரு சென்னைக்காரரான விஜய் சுந்தர் பிரசாந்தும் ஆடினார்கள். முதல் செட் 4-6 என்று போனது. இரண்டாவது 7-6. மூன்றாவது செட் கிடையாது. அதற்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக் என்ற குட்டி ஆட்டம்தான். 10-7 என்று வென்றார்கள். பிரசாந்துக்கு அது முதல் டூர் பட்டம். இரண்டாவது செட்டின் டை-பிரேக்கில் இரண்டொரு புள்ளி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ரன்னர்-அப் பணத்தோடு ஊர் திரும்பியிருப்பார்கள். டூரில் இரட்டையருக்கு டியூஸில் அட்வான்டேஜும் கிடையாது. 40-40 என்றால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். வருமானக் கணக்குப் போடுகிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். திறமை ஏறக்குறைய சமமாக இருக்கும் இரண்டு ஜோடிகளில், ஒன்று அந்த மாதம் வாடகை கட்டும், இன்னொன்று அப்பாவிடம் கேட்கும்.

அடுத்து பார்ட்னர். இது கூட்டுத் தொழில், ஆனால் பத்திரம் இல்லாத கூட்டுத் தொழில். இரட்டையர் ஜாம்பவான் லியாண்டர் பயஸ் தன் வாழ்நாளில் நூறுக்கும் மேற்பட்டவர்களோடு ஜோடி சேர்ந்து ஆடியவர். அவருக்கே அப்படியென்றால் ரேங்க் 150-ல் இருப்பவர் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை தோற்றதும் அடுத்த வாரத்துக்கு யார் என்று வாட்ஸ்அப்பில் தேட ஆரம்பிப்பார். உங்கள் ரேங்க் ஏறினால் பழைய பார்ட்னரோடு சேர்ந்தால் கூட்டுத்தொகை அதிகமாகிறது என்று நீங்கள் கழற்றிவிடுவீர்கள். இறங்கினால் அவர் உங்களைக் கழற்றிவிடுவார். இதில் துரோகம் எதுவும் இல்லை, தொழில்தான். ஆனால் செலவைப் பங்கு போட்டிருந்தால் அங்கேதான் சிக்கல். என்னிடம் வந்த ஒரு ஜோடி இரண்டு வருடம் நல்ல நண்பர்கள். பயிற்சியாளருக்குப் பாதிப் பாதி என்று வாய்ப்பேச்சு. ஒருவருக்கு மணிக்கட்டில் அடிபட்டு எட்டு வாரம் ஆடவில்லை. அந்த எட்டு வாரம் பயிற்சியாளரின் சம்பளமும், ஏற்கெனவே எடுத்த ஐரோப்பா டிக்கெட்டும் யார் தலையில்? பேசாமலே பிரிந்தார்கள். கல்யாணத்துக்குக் கூட அழைத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து நான் எல்லோரிடமும் ஒரு பக்கக் கடிதம் ஒன்று எழுதச் சொல்கிறேன். வக்கீல் வேண்டாம். பயிற்சியாளர் சம்பளம், பிசியோ, பொதுவாக எடுக்கும் அறை, ஒருவர் காயத்தில் இருந்தால் எத்தனை வாரம் வரை பங்கு என்று நான்கு வரி போதும். கையெழுத்துப் போடும்போது இருவரும் கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போடுவது நல்லது.

இனி என் சொந்தப் பேட்டை, வரி. ஒரு ஆட்டக்காரர் வருடக் கடைசியில் ஷூ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொட்டினார். ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டிய ரசீதுகள், டாக்ஸி, லாண்டரி. பாதி ரசீது வெறும் வெள்ளைத் தாள். தெர்மல் தாளில் அச்சான பில், கிட் பையின் சூட்டில் எழுத்தெல்லாம் ஓடிவிட்டது. எந்த ஊர், எவ்வளவு, எதுவும் தெரியவில்லை. ஒரு மாட்சுக்கு மூன்று நான்கு ராக்கெட் புதிதாகக் கட்டுகிறவருக்கு வருடத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ரசீது கைக்கு வந்த நிமிடமே படம் எடுத்துவிடுங்கள் என்று அன்று சொன்னேன்.

இரண்டாவது, வெளிநாட்டில் பிடித்த வரி. அமெரிக்காவில் வெளிநாட்டு ஆட்டக்காரரின் பரிசுத்தொகையில் பொதுவாக 30 சதவீதம் பிடிப்பார்கள். லாபத்தில் அல்ல, மொத்தத் தொகையில். செலவைக் கழித்துக் காட்டி அங்கேயே ரிட்டர்ன் தாக்கல் செய்தால் ஒரு பகுதி திரும்பி வர வாய்ப்புண்டு. அந்த வேலையை எடுத்துச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரி கட்டும்போது, அங்கே கட்டியதைக் கழித்துக்கொள்ள அங்கிருந்து வரும், பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் போன்ற சான்று வேண்டும், இங்கே தனிப் படிவமும் உண்டு. இத்தனை நாள் அது ஃபார்ம் 67. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்ணை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றை மட்டும் தொலைக்காதீர்கள்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் 182 நாள் இல்லையென்றால் என்ஆர்ஐ, வெளிநாட்டுப் பரிசுக்கு இங்கே வரி இல்லை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். சட்டத்தில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. அந்த நிதியாண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தாலே நீங்கள் இங்கே குடியிருப்பவர். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமக்களுக்கு அந்த 60-ஐ 182 ஆகத் தளர்த்தும் விதி உண்டு. வாராவாரம் ஊர் மாறி ஆடிவிட்டு இடையிடையே அம்மா கைச் சாப்பாட்டுக்கு வந்து போகிறவருக்கு அது பொருந்துமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். பாஸ்போர்ட்டின் முத்திரைகளை உட்கார்ந்து எண்ணாமல் நான் பதில் சொல்வதே இல்லை. முழங்கால் அறுவை சிகிச்சை செய்து ஐந்து மாதம் வீட்டில் இருந்த ஒருவருக்கு அந்த வருடம் நிலையே மாறிவிட்டது. காலும் போச்சு, வரியும் வந்துச்சு என்றார்.

முழங்கால் என்றதும் போபண்ணாவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. எல்லா அப்பாக்களும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 2003-ல் தொழில்முறைக்கு வந்தவர். 2010 அமெரிக்க ஓபனில் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியோடு இறுதி வரை போய் அமெரிக்க ஜோடியான பிரையன் சகோதரர்களிடம் இரண்டு டை-பிரேக்கில் தோற்றார். குருத்தெலும்பு தேய்ந்த முழங்காலோடு ஐயங்கார் யோகா செய்து தாக்குப்பிடித்து, 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபன் வென்றார். 43 வயதில் உலக இரட்டையர் தரவரிசையில் முதலிடம். அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் வங்கிக்காரர் கண்ணால் இன்னொரு முறை படியுங்கள்: ஆடவர் இரட்டையரில் முதல் கிராண்ட் ஸ்லாம் கோப்பைக்கு இருபது வருடத்துக்கு மேல். வீட்டின் மேல் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

இந்தத் தொழிலின் விதிகளை ஆடுகிறவர்கள் எழுதுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். 2005-ல் ஏடிபி, ஒற்றையர் ஆடுகிறவர்களுக்கே இரட்டையரில் இடம் என்கிற திசையில் விதிகளை மாற்றப் போனது. பிரையன் சகோதரர்கள் உட்பட இரட்டையர் ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அது சமரசமாக முடிந்தது. அந்தக் கொந்தளிப்பின் மிச்சம்தான் மேலே சொன்ன 10 புள்ளி டை-பிரேக். 2025-ல் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரை ஒற்றையர் தொடங்குவதற்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்தி, 16 ஜோடிகளாகச் சுருக்கி, ஒற்றையர் நட்சத்திரங்களை நிரப்பி, பட்டத்துக்குப் பத்து லட்சம் டாலர் வைத்தது. அதை வென்றது முந்தைய வருடத்துச் சாம்பியன்களான எர்ரானி, வவசோரி என்ற இரட்டையர் ஜோடி. எனக்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் மற்ற இரட்டையர்காரர்களில் பெரும்பாலானோருக்கு உள்ளே போக வழியில்லை. 2024-ல் தொடங்கிய ஏடிபியின் குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் ஒற்றையர் தரவரிசையில் முதல் 250 பேரை நினைத்து வகுத்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். இவர்களும் அப்படித்தான்; போட்டி நடத்துகிறவர்கள்தான் அந்த ஒரே வாடிக்கையாளர்.

அந்த அப்பாவுக்குக் கடைசியில் புரொஜெக்‌ஷன் போட்டுக் கொடுத்தேன். ஐந்து வருடமும் நஷ்டம் காட்டியது. வீட்டின் மேல் கடன் வாங்கவில்லை. பையன் இப்போது ஒற்றையரும் ஆடுகிறான், ஒரு கல்லூரிக்கும் எழுதிப் போட்டிருக்கிறான்.

ஷூ பெட்டிக்காரர் இப்போதெல்லாம் ரசீது வாங்கிய கையோடு படம் அனுப்புகிறார். போன வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒன்று வந்தது. துருக்கி மொழி, ஒரு எழுத்தும் புரியவில்லை. நான்கு ராக்கெட் என்பதும் தொகையும் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கீழே, "அண்ணே, உள்ள வந்துட்டோம், நாளைக்கு மேட்ச்."