போர்ட் ஸ்கேன்: துறைமுகமும் இல்ல, வருடலும் இல்ல

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். போன வாரம் ஒரு காலேஜ் பையன் நோட்டைக் காட்டி "துறைமுக வருடல்னா என்னங்ணா"ன்னு கேட்டான். இந்த வார்த்தைய நான் கேக்கறது இது மூணாவது தடவை, அதான் எழுதறேன்.

போர்ட் ஸ்கேனுக்குத்தான் இப்படிப் போட்டிருக்காங்க. நெட்வொர்க் வழியா ஒரு மெஷினுக்குள்ள போற நம்பர் போட்ட வழிதான் போர்ட், அதுல எதெல்லாம் தெறந்திருக்குன்னு தேடிப் பாக்கறதுதான் போர்ட் ஸ்கேன். லத்தீன்ல போர்ட்டுஸ்னா துறைமுகம், போர்ட்டான்னா வாசல். கம்ப்யூட்டர் போர்ட் வாசல் வழியா வந்தது. அகராதியில மொதல்ல கண்ணுல பட்டதை எடுத்து ஒட்டிட்டாங்க.

"முகத்தை விட்டுட்டு துறைன்னு வச்சுக்கலாமே, ஒகேனக்கல் பரிசல்துறை மாதிரி"ன்னு ஒரு நண்பர் சொல்றாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பரிசல்துறைக்குக் கதவு ஏது? போர்ட்டுன்னாலே தெறந்திருக்கா மூடியிருக்காங்கறதுதான் பேச்சு. அதுவும் இன்னைக்கு "22ஆம் துறையை மூடு"ன்னு எழுதினா வருவாய்த்துறை, வனத்துறை மாதிரி ஏதோ ஆபீசுன்னுதான் படிக்கறவங்களுக்குத் தோணும். வாசல்னா அந்தக் குழப்பமே இல்ல. இல்வாய்ங்கறது திரும்பி வாயில்னு ஆச்சு, இலக்கணப்போலிக்கு பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்ற அதே உதாரணம், பேச்சுல வாசல். ஒரு மெஷினுக்கு ஒரு முகவரி, அதுல 65,535 வரைக்கும் நம்பர் போட்ட வாசல்னு சொன்னா எங்க அம்மாவுக்கும் புரியும்.

அடுத்தது வருடல். கன்னுக்குட்டி கழுத்தைத் தடவிக் குடுக்கறோமே அதான் வருடறது. பேப்பர் மேல லைட்டு நகர்ற ஸ்கேனருக்கு அந்த வார்த்தை சரி, ஒத்துக்கறேன். இங்க நடக்கறது துழாவல். இருட்டுல கைய நீட்டி எது தட்டுப்படுதுன்னு தேடறது.

பிரவுசர் வழியா ஒரு வெப்சைட்டே போர்ட் ஸ்கேன் பண்ணலாம், அதுக்கு இந்தத் துழாவல் அப்படியே பொருந்துது பாருங்க. ரவுட்டரோட ஃபயர்வால் வெளியிலிருந்து வர்றவனைத்தான் தடுக்கும். நாம தெறக்கற வெப்சைட்டோட ஜாவாஸ்கிரிப்ட்ங்கற புரோகிராம் நம்ம மெஷின்லயே ஓடுது, அதாவது வீட்டுக்குள்ள வந்தாச்சு, அங்கிருந்துக்கிட்டே 192.168.1.1 மாதிரி முகவரியில இருக்கற ரவுட்டர், பிரிண்டர், கேமரா பதிவு பண்ற டிவிஆர்னு ஒவ்வொன்னா கூப்பிட்டுப் பாக்கும். பதிலைப் படிக்க பிரவுசர் பொதுவா விடாது. ஆனா எவ்வளவு நேரத்துல என்ன எர்ரர் வந்துச்சுங்கறத வச்சே எந்த வாசல் தெறந்திருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம். கண்ணு தெரியாம கை மட்டும் தேடுது, துழாவலேதான்! 2006லயே இதைச் செஞ்சு காட்டிட்டாங்க. 2024ல 0.0.0.0ங்கற முகவரி வழியா வெப்சைட்டு மேக், லினக்ஸ் மெஷினுக்குள்ளயே புகுந்து பேசலாம்னு வெளிய வந்துச்சு, குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூணுலயும்.

மொழிபெயர்க்கறவங்க கிட்ட எனக்குக் கோவமே இதான். அந்தப் பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்காம வார்த்தைக்கு வார்த்தை மாத்தறாங்க. நல்ல தமிழ் தோணலையா, போர்ட் ஸ்கேன்னே தமிழ்ல எழுதிடுங்க, தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ தேவலாம். இப்போ குரோம் பிரவுசரோட 142ஆம் பதிப்புலிருந்து வெப்சைட்டு உள்நெட்வொர்க்கைத் தொடணும்னா நம்ம கிட்ட அனுமதி கேக்குது. கடைக்கு வர்ற மளிகைக்காரர் கிட்ட "இந்த சைட்டு உங்க வீட்டு வாசலையெல்லாம் துழாவப் பாக்குது, விடலாமா"ன்னு கேட்டேன், வேண்டாம்னு உடனே சொன்னாரு.