மின்சாரப் பள்ளி பஸ்ஸுக்கு மானியம் என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கடற்கரையோரம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். தாளாளர் அம்மாவிடம் ஒருவர் வந்து, பழைய டீசல் பஸ்ஸைக் கொடுத்துவிட்டு மின்சார பஸ் வாங்கினால் அரசு 80 சதவீதம் தரும், ஃபைல் நகர 40,000 ரூபாய் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். பஸ்ஸையும் அவர் சொன்ன பழைய இரும்புக் கடைக்கே கொடுத்துவிட்டார்கள். மானியமும் வரவில்லை, பஸ்ஸும் இல்லை. ஒரு வருஷம் கழித்து, வெட்டி எடைக்குப் போட்டாகிவிட்ட அந்த பஸ்ஸுக்குச் சாலை வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸை என்னிடம் நீட்டியபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பள்ளி பஸ் மானியச் செய்தி அமெரிக்காவுடையது. அங்கே 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் இதற்கென்றே 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நம் ஊரில் பேசப்படுவது பி.எம். இ-டிரைவ் என்ற மத்திய அரசின் மின்சார வாகனத் திட்டம். அதில் 14,028 மின்சார பஸ்களுக்கு 4,391 கோடி ரூபாய் இருப்பது உண்மைதான். ஆனால் அது பெருநகரங்களில் பஸ் ஓட்டும் பொதுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கான பணம், தொண்டியிலோ சாயல்குடியிலோ இருக்கும் தனியார் பள்ளி அதில் விண்ணப்பிக்கவே முடியாது. இதை ஒரே வரியில் சொல்லி அனுப்ப எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. "கல்வித் துறையில் கேளுங்க", "ஆர்.டி.ஓ.வில் கேளுங்க", "கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க" என்று மூன்று நாள் பஸ் காசு செலவழிய வைக்கிறார்கள். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, கிடைப்பது என்ன? மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு உண்டு, ஆனால் அது தேதி போட்ட அரசாணை, அவ்வப்போது நீட்டிப்பார்கள். வண்டியைப் பதிவு செய்யும் நாளில் அது அமலில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ.விலேயே கேளுங்கள், டீலர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கட்டாதீர்கள். சிலர் இந்த வரி விலக்கையே "மானியம்" என்று கொட்டேஷனில் கழித்துக் காட்டுகிறார்கள்.

பழைய வண்டியைப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்தால் சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட், அதாவது வண்டியை ஒப்படைத்ததற்கான சான்று, தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டியின் சாலை வரியில் 15 சதவீதம் வரை குறையும் என்பது விதி. ஆனால் வரியே இல்லாத வண்டியில் எதைக் குறைப்பது? அதனால் மின்சார பஸ் வாங்குகிறவர் பேரம் பேச வேண்டியது ஸ்கிராப் விலையிலும் கம்பெனி கொடுக்கும் தள்ளுபடியிலும்தான். அந்தத் தள்ளுபடி கட்டாயம் கிடையாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் மாட்டுவது ஆர்.சி. புத்தகத்தில். பஸ் பழைய தாளாளர் பெயரில் இருக்கும், அவர் இறந்து வருஷங்கள் ஆகியிருக்கும். வங்கிக் கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் அந்த வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். வங்கியில் ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி.யும், கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் வாங்கி அந்தப் பெயரை நீக்காமல் ஸ்கிராப் மையம் வண்டியைத் தொடாது. இன்னொன்று, வாகன் என்ற அரசின் வண்டிப் பதிவு இணையதளத்தில் பதிவான செல்போன் எண் பெரும்பாலும் அன்று எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கப் போன புரோக்கருடையதோ, வேலையை விட்டுப் போன டிரைவருடையதோ ஆக இருக்கிறது. ஓ.டி.பி. அவருக்குப் போகும், நீங்கள் கவுன்டரில் நிற்பீர்கள். பள்ளி அறக்கட்டளைக்குச் சொந்தமான வண்டி என்றால் நிர்வாகக் குழுத் தீர்மான நகலையும் கையோடு எடுத்துப் போங்கள். அது இல்லை என்றுதான் இரண்டாம் முறை வரச் சொல்வார்கள்.

கடலோரத்தில் வண்டி சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு பள்ளி பஸ்ஸில் பின் சீட்டுக்குக் கீழே ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், உப்புக்காற்று தின்ற தகட்டின் ஓட்டை வழியே சாலை தெரிந்தது. அதன்மேல்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அவசரத்தில் இரும்புக் கடைக்குப் போட்டுவிடத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் இரும்புக் கடைச் சீட்டு எந்த ஆர்.டி.ஓ.விலும் செல்லாது. வண்டி அழிந்துவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. அதைச் செய்யாதவரை காகிதத்தில் அந்த பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வரியும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

புது வண்டி மின்சாரம் என்பதால் 2012 பள்ளி பஸ் சிறப்பு விதிகள் விட்டுவிடாது. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, பிறகு சேர்த்த கேமராவும் சென்சாரும், எல்லாம் வேண்டும். கம்பெனி ஊழியர்களை ஏற்றும் மாடலைக் காட்டி "மாத்திக் கொடுத்துடுவோம்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், மே மாத ஆய்வில் திருப்பி அனுப்பினால் ஜூனில் பிள்ளைகளுக்கு வண்டி இருக்காது. சார்ஜருக்கான கூடுதல் மின்பளுவுக்கு பஸ் வருவதற்கு முன்பே மின்வாரியத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் பஸ்ஸுக்கு, வெட்டும்போது யாரோ செல்போனில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் சேசிஸ் எண் பாதி தெரிகிறது. அதை வைத்துப் பதிவு ரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.