பியானோவுக்குள் ஒரு பாஞ்சோ

1842ஆம் ஆண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாரிஸுக்கு வந்து, அங்குள்ள புகழ்பெற்ற இசைக் கல்லூரியில் சேர முயன்றான். பியானோ துறைத் தலைவர் பியர் சிம்மர்மான் அவனுடைய வாசிப்பைக் கேட்கவே மறுத்துவிட்டார். அமெரிக்கா நீராவி எந்திரங்களின் நாடு, அங்கிருந்து இசைக் கலைஞன் எப்படி வருவான் என்பது அவர் எண்ணம்.

எந்திரத்தை இளக்காரமாகப் பேசிய அந்த மனிதர் நாள்தோறும் உட்கார்ந்திருந்தது ஓர் எந்திரத்தின் முன்னால்தான். நெம்புகோல், வில், ஆணி, இரும்பு எல்லாம் சேர்ந்த பியானோவுக்கு அந்த நூற்றாண்டின் தொழிற்சாலைகளோடு நெருங்கிய உறவு உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட சிறுவன் லூயி மொரோ காட்ஷாக். பியானோ பாடுகிறது என்று மற்றவர்கள் நம்ப வைக்கப் பாடுபட்ட காலத்தில், அது அடித்து ஒலியெழுப்பும் கருவி என்பதை மறைக்காமல் எழுதியவர் அவர். அவர் இசையின் அழகு எனக்குத் தெரிந்தவரை அங்கேதான் இருக்கிறது.

காட்ஷாக் 1829இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். தந்தை லண்டனிலிருந்து வந்த யூத வணிகர். தாயின் குடும்பம் பிரெஞ்சு பேசும் வெள்ளைக் கிரியோல் குடும்பம், அதாவது குடியேற்ற நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஐரோப்பிய வம்சாவளியினர். இன்று ஹைட்டி எனப்படும் செயின்ட் டொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது தப்பி வந்தவர்கள். பாட்டியும், அடிமையாக இருந்த தாதி சாலியும் அந்தத் தீவின் கதைகளையும் பாட்டுகளையும் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். ஞாயிறுதோறும் அடிமைகள் மேளம் கொட்டி ஆடிய, நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் நின்று கேட்டே அவர் இசை கற்றார் என்று எழுதுவது வழக்கம். அதற்கு உறுதியான சான்று கிடையாது. தேவையும் இல்லை, பாட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இனி பியானோவைத் திறந்து பார்க்கலாம். கட்டையை அழுத்தினால் மறுமுனையில் ஒரு சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்படுகிறது. கம்பியைத் தொட ஓரிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது கட்டைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். கடைசித் துளித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தில் தானே கடக்கிறது. தொடர்பு அறாமல் இருந்தால் சுத்தியல் கம்பியோடு ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும். ஆகவே விரலால் தீர்மானிக்க முடிவது சுத்தியல் எந்த வேகத்தில் போகிறது என்பது ஒன்றைத்தான். அடி விழுந்த பிறகு ஒலி தேயத்தான் செய்யும். வயலின் கலைஞர் வில்லை அழுத்தி ஒரு சுரத்தை வளர்க்கலாம். பியானோவில் அது நடக்காது.

தேய்மானமும் எல்லாக் கம்பிகளுக்கும் ஒன்றுபோல இல்லை. இடது ஓரத்துக் கம்பிகள் நீளமும் கனமும் கொண்டவை, பல விநாடிகள் அதிர்கின்றன. வலது ஓரத்தின் கடைசிக் கம்பி ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர்தான். அதில் தங்கும் ஆற்றல் சொற்பம். ஒலி சட்டென்று மறைந்துவிடும். அதனால் அந்தக் கோடியில் ஒலியை நிறுத்தும் டாம்பர்களையே வைப்பதில்லை. மற்றவர்கள் அவ்வப்போது எட்டிப் பார்த்த அந்த மேல் ஸ்தாயியில் காட்ஷாக் விருப்பம்போல் குடியேறினார். அங்கே சுரங்கள் நீண்டு பாடாமல் சில்லுச் சில்லாகச் சிதறும்.

1855இல் வெளியான ‘பாஞ்சோ’ என்ற படைப்பு இதன் உச்சம். பாஞ்சோ என்ற தந்திக் கருவியின் கம்பி ஒரு சிறிய பாலத்தின் வழியாக இழுத்துக் கட்டிய தோலின் மேல் அமர்ந்திருக்கிறது. தோல் மிக இலேசானது. கம்பியின் ஆற்றலை உடனே வாங்கிக் காற்றில் இறைத்துவிடும். அதனால் பாஞ்சோவின் ஒலி உரக்க எழுந்து விரைவில் அடங்கும். பியானோவின் ஒலிப்பலகையோ விறைப்பும் கனமும் உள்ள மரம். கம்பியிலிருந்து ஆற்றல் அதற்குள் மெல்லக் கசிகிறது, எனவே ஒலி நீள்கிறது. இப்படி எதிர் இயல்பு கொண்ட கருவியில் பாஞ்சோவைக் கேட்க வைப்பது எப்படி?

முதலாவதாக, விரலை உடனுக்குடன் தூக்க வேண்டும். கட்டை மேலே வந்ததும் டாம்பரின் கம்பளித் துண்டு கம்பிமேல் விழுந்து ஒலியை வெட்டிவிடும். அடுத்து, நீட்ட முடியாததைத் திரும்பத் திரும்பத் தட்டி நிரப்ப வேண்டும். அக்கால பாஞ்சோவில் கட்டைவிரலுக்கென்றே குட்டையான ஒரு கம்பி உண்டு. அது சுருதி மாறாமல் மெட்டின் இடைவெளிகளில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதே வேலையை காட்ஷாக் மாறாத சுரங்களுக்குக் கொடுத்து, இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி ஓட விடுகிறார். அடிமைகளாக இருந்த கறுப்பினக் கலைஞர்கள் அக்காலத்தில் பாஞ்சோ வாசித்த முறை இந்தப் பியானோ தாள்களில்தான் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. யாருடைய விரல்களைப் பார்த்து எழுதினாரோ, அவர்கள் பெயர் தாளில் இல்லை.

ஒரே கட்டையை வேகமாகத் தட்டுவதும் லேசான காரியம் அல்ல. பழைய அமைப்பில் கட்டை முழுவதும் மேலே வந்த பிறகுதான் சுத்தியல் மறுபடி அடிக்கத் தயாராகும். 1821இல் பியானோ செய்யும் எரார்ட் நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு, விழும் சுத்தியலைப் பாதி வழியில் ஒரு நெம்புகோலால் தாங்கிக்கொள்கிறது. கட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும், அடுத்த அடி கொடுக்கலாம். காட்ஷாக்கின் ‘ட்ரெமோலோ’வில் சுரங்கள் படபடவென்று திரும்பத் திரும்ப வருவதைக் கேட்கும்போது இந்த நெம்புகோலை நினைத்துக்கொள்ளலாம்.

தாளத்துக்கு வருவோம். கரீபியத் தீவுகளின் அடிப்படைத் தாளம் ஒன்றை நமக்குப் பழகிய சொற்கட்டிலேயே சொல்லிவிடலாம்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு என எட்டு அட்சரம். கையால் ஒன்றாவது, ஐந்தாவது அட்சரங்களில் தட்டிக்கொண்டு வாயால் இதைச் சொல்லிப் பாருங்கள். சொல்லின் அழுத்தம் ஒன்று, நான்கு, ஏழில் விழும். ஐந்தில் அடி வரும் என்று காது காத்திருக்கிறது. அது ஓர் அட்சரம் முன்னதாக நான்கிலேயே வந்துவிட, ஐந்து காலியாக நிற்கிறது. அந்தக் காலி இடத்தைக் கேட்பவரின் கால் தானாகத் தட்டி நிரப்புகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய பிசகு அறவே குறைந்தாலும் மிகையானாலும் ஆடத் தோன்றுவதில்லை, நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் உடல் அசைய விரும்புகிறது என்று காட்டியது.

இதற்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. எட்டு இடங்களில் மூன்று அடிகளை முடிந்தவரை சமமாகப் பரப்பினால் கிடைப்பது 3, 3, 2. ஐந்து அடிகளைப் பரப்பினால் 2, 1, 2, 1, 2. கியூபாவில் சிங்கியோ எனப்படும் தாளம் அது. மீப்பெரு பொது வகுத்தி காண யூக்ளிட் சொன்ன வழிமுறையே இந்த வரிசைகளைத் தருகிறது என்று கணினி அறிவியலாளர் காட்ஃப்ரீட் டூசாண்ட் 2005இல் எடுத்துக்காட்டினார்.

நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தின் கிரியோல் பாட்டை வைத்து எழுதிய ‘பாம்பூலா’ 1840களின் இறுதியில் பாரிஸையே ஆட்டிவைத்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் பாராட்டினார். இந்த வகைப் படைப்புகளில் இடது கை தரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வலது கை அதோடு மல்லுக்கு நிற்கும். ஒரே ஆள் மேளக்காரர்கள் இருவரின் வேலையைச் செய்கிறார்.

1857இலிருந்து சில ஆண்டுகள் காட்ஷாக் கரீபியத் தீவுகளில் சுற்றினார். அப்போது எழுதிய ‘போர்ட்டோ ரிக்கோ நினைவுகள்’, நாட்டுப்புற உழவர்களின் ஊர்வலம் தொலைவிலிருந்து நெருங்கி வந்து, கடந்து, மறைவதைக் காட்டுகிறது. மெல்லத் தொடங்கி உரக்க வாசித்து மீண்டும் மெல்ல முடித்தால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் வேலை செய்வது ஒலியளவு மட்டும் அல்ல. சுத்தியலின் தலையில் அழுத்திய கம்பளி இருக்கிறது. 1826இல் பாரிஸில் ஆன்றி பாப் காப்புரிமை பெற்ற முறை. மெதுவாக அடித்தால் கம்பளி மிருதுவாகவே இருந்து, கம்பியோடு சற்று அதிக நேரம் ஒட்டியிருக்கும். அதற்குள், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் நுண்ணிய மேற்சுர அதிர்வுகள் சில முறை போய் வந்து, அந்தக் கம்பளியிலேயே அமுங்கிவிடுகின்றன. ஓங்கி அடித்தால் கம்பளி நசுங்கி இறுகும், சுத்தியல் உடனே துள்ளி விலகும், மேற்சுரங்கள் தப்பித்துப் பளீரென்று ஒலிக்கும். காற்றும் தொலைதூர ஒலியில் உயர் அதிர்வெண்களையே அதிகம் உறிஞ்சுகிறது. எனவே மங்கலான ஒலி தூரத்து ஒலி என்பதைக் காது முன்பே அறிந்திருக்கிறது. ஒலிப்பெருக்கியின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தால் இந்த மாயம் நடக்காது.

1853இல் தந்தை இறந்தபோது கடனும் அடிமைகளும் வாரிசுரிமையாக வந்தன. அடிமைகளை விடுவித்தார், குடும்பத்தைக் காக்க மேடையேறிக்கொண்டே இருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தெற்கை விட்டு வடக்கின் பக்கம் நின்றார். 1862 முதல் மூன்றே ஆண்டுகளில் சுமார் 1,100 கச்சேரிகளும் 95,000 மைல் ரயில் பயணமும் ஆயின என்பது அவரே போட்ட கணக்கு. பாஸ்டனின் சிக்கரிங் நிறுவனம் செய்த இரண்டு பெரிய பியானோக்கள் கூடவே சென்றன. அழிந்துபோன யானை போன்ற பெருவிலங்கின் பெயரால் ‘மாஸ்டடான்கள்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். ஒரே வார்ப்பாக அமைந்த இரும்புச் சட்டத்துக்கு 1843இல் ஜோனாஸ் சிக்கரிங் காப்புரிமை பெற்றிருந்தார். டன் கணக்கான கம்பி இழுவிசையைத் தாங்கும் அத்தகைய சட்டம் இல்லையேல், இவ்வளவு அடியும் அலைச்சலும் கண்ட கருவி சுருதியில் நின்றிருக்காது. 1865இல் ஓர் அவதூறுக்குப் பிறகு தென் அமெரிக்கா போனார். 1869 நவம்பர் 24இல் ரியோ டி ஜெனிரோவில் 650 இசைக் கலைஞர்களை வைத்துக் கச்சேரி நடத்திவிட்டு, மறுநாள் மேடையிலேயே மயங்கி விழுந்தார். டிசம்பர் 18இல் இறந்தபோது வயது நாற்பது.

கேட்க விரும்புவோர் ‘பாஞ்சோ’வில் தொடங்கலாம். வாசிப்பவர் வலது பெடலை எவ்வளவு மிதிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மிதித்தால் எல்லா டாம்பர்களும் ஒன்றாக எழும்பிக்கொள்ளும்; சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் பாஞ்சோ போய்விடும். பெடலைச் சிக்கனமாகப் பயன்படுத்திய பதிவைத் தேடிப் பிடியுங்கள்.