சிகாகோவுக்குப் பெயர் கொடுத்த வெங்காயம் எது?

சிகாகோ என்பது ஒரு காட்டுச் செடியின் பெயர். அந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான மயாமி-இல்லினாய் மக்கள், வெங்காய வாடை அடிக்கும் அந்தச் செடியைச் 'சிகாக்வா' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து அது ஊர்ப்பெயர் ஆயிற்று. ஆனால் அது எந்தச் செடி? அல்லியம் செர்னூவம் என்கிற தலைகவிழ் வெங்காயம்தான் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பிரெஞ்சு நாடுகாண் பயணி லா சாலின் குழுவில் உயிர் தப்பிய ஹென்றி ஜூத்தெல் 1687-இல் அங்கே போயிருந்தார். ஊருக்குப் பெயர் தந்த செடி மரக்காட்டுக்குள் வளர்கிறது, பிரான்சுப் பூண்டைவிட அதன் இலை அகலம், நீளம் குறைவு என்று அவர் குறித்து வைத்திருந்தார். 1991-இல் ஜான் ஸ்வென்சன் என்ற வரலாற்று ஆய்வாளர் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இது அல்லியம் டிரைகாக்கம், அதாவது அமெரிக்கர்கள் 'ராம்ப்' என்று அழைக்கும் செடி என்று வாதிட்டார். தலைகவிழ் வெங்காயத்தின் இலை புல்லைப் போல ஒடுங்கியது, பெரும்பாலும் வெயில் விழும் திறந்த வெளியில் வளர்வது. முந்நூறு வருடக் குழப்பத்தில் ஓர் இலையின் அகலம் சாட்சி சொன்னது. எனக்கு மிகப் பிடித்த தாவரவியல் கதை இதுதான்.

உலகில் அல்லியம் பேரினத்தில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் சின்ன வெங்காயமும் பூண்டும் அதில் சேர்த்தி. சிகாகோவைச் சுற்றியுள்ள அமெரிக்க மத்திய மேற்கில், அந்த மண்ணுக்கே உரிய நான்கு இனங்களையும் அவற்றோடு குழம்பும் வந்தேறி ஒன்றையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றைப் பிரித்தறியக் கண்ணும் கையும் மூக்கும் போதும்.

ராம்ப் சுலபம். மரங்கள் துளிர்த்து நிழல் விழுவதற்குள், ஏப்ரல் மே மாதங்களில், இரண்டு மூன்று விரல் அகல இலைகளை விரித்துச் சூரிய ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு இலை வாடிப்போகும். ஜூன் கடைசியில் பூந்தண்டு தனியாக எழுந்து வெள்ளைப் பூ பூக்கும். பூவையும் இலையையும் ஒன்றாகப் பார்ப்பது அரிது. காயில் மூன்று பிளவு, பிளவுக்கு ஒரு பளபளக்கும் கறுப்பு விதை. டிரைகாக்கம் என்ற பெயர் அந்த மூன்றைத்தான் சொல்கிறது.

மண்ணுக்குரிய மற்ற மூன்றுக்கும் ஒடுங்கிய இலை. அல்லியம் கனடென்ஸ் மே, ஜூனில் பூக்கும். பூக்கும் என்று சொல்வதுகூட முழுச்சரி இல்லை, தண்டின் உச்சியில் பூக்களைவிடக் குட்டிக் குமிழ்களே அதிகம் இருக்கும். ஒவ்வொன்றும் கீழே விழுந்து தனிச் செடியாகும். இந்தக் குட்டிகள் இல்லாத வகைகளும் உண்டு. அப்போது மண்ணை விரலால் லேசாக விலக்கிக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். வெங்காயத்தின் காய்ந்த தோல் போல வழவழவென்று இருக்காது. தென்னை மட்டையோடு ஒட்டியிருக்கும் பன்னாடை தெரியுமல்லவா, அதே பின்னல், மிகச் சிறிய அளவில். நார் வலை ஒன்று கிழங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல இருக்கும்.

இந்தச் செடியோடு குழம்புவது ஐரோப்பாவிலிருந்து களையாக வந்த அல்லியம் வினியேல். அதற்கும் உச்சியில் குட்டிக் குமிழ்கள் உண்டு. இலையைக் குறுக்கே கிள்ளினால் விஷயம் தெரிந்துவிடும். வெங்காயத்தாள் போல உள்ளே குழலாக இருந்தால் அது வந்தேறி. பூண்டுத்தாள் போலத் தட்டையாக, உள்ளே வெற்றிடம் இல்லாமல் இருந்தால் கனடென்ஸ்.

கடினமான ஜோடி இனிமேல்தான். தலைகவிழ் வெங்காயமும், அல்லியம் ஸ்டெல்லாட்டம் என்கிற புல்வெளி வெங்காயமும் இளஞ்சிவப்புப் பூக்காரிகள், இரண்டும் கோடைக்காரிகள். முன்னது பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும், பின்னது சற்றுப் பிந்தும். முன்னதன் பூந்தண்டு உச்சிக்குக் கீழே கைத்தடியின் பிடி போல வளைந்து, பூக்குடையைத் தரை பார்க்க வைக்கும். சரி, வளைந்திருந்தால் தலைகவிழ் என்று முடித்துவிடலாமா? கூடாது. புல்வெளி வெங்காயமும் மொட்டாக இருக்கும்போது தலையைத் தொங்கப் போட்டுத்தான் நிற்கும். மொட்டு விரிய விரிய நிமிர்ந்துவிடும். அதனால் பூ மலரும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். மலர்ந்ததும் ஒரே ஒரு பூவை நெருங்கிப் பாருங்கள். தலைகவிழ் வெங்காயத்தில் இதழ்கள் உள்ளே குவிந்து சிறு மணி போல இருக்கும், மகரந்தத்தாள்கள் மணியின் நாக்கு போல வெளியே நீளும். புல்வெளி வெங்காயத்தில் இதழ்கள் ஆறும் விரிந்து நட்சத்திரமாகும். ஸ்டெல்லாட்டம் என்ற பெயரே நட்சத்திரம்தான்.

தலைகவிழ் வெங்காயத்தில் இன்னொரு அழகு உண்டு. காய் பிடித்ததும் ஒவ்வொரு பூக்காம்பும் மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். தண்டு வளைந்தபடியே இருக்க, காய்கள் மட்டும் வானத்தைப் பார்க்கும்.

மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெங்காய வாடை செடியில் தயாராக இருப்பதில்லை. இலையைக் கசக்கும்போது செல்கள் உடைந்து, தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் நொதியும் கலக்கும்போதுதான் பிறக்கிறது. ஆகவே கசக்காமல் முகர்ந்து பயனில்லை. வாடை இல்லாவிட்டால் அது வெங்காயமே அல்ல. அமெரிக்கப் புல்வெளிகளில் 'டெத் காமாஸ்' என்ற கொடிய விஷச்செடி, புல் போன்ற இலையும் குமிழுமாக அச்சு அசல் வெங்காயம் போலவே இருக்கும், வாடை மட்டும் வராது. நம் ஊர் நரிவெங்காயமும் பெயரில்தான் வெங்காயம், அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஒரு எச்சரிக்கை: இரண்டு வெங்காயச் செடிகளைக் கசக்கிய கையில் மூன்றாவதாக எதை எடுத்தாலும் வெங்காயமாகவே மணக்கும். கையைக் கழுவிவிட்டு முகருங்கள், மூக்கு சொல்வதை இலையோடும் பூவோடும் ஒத்துப் பாருங்கள்.

இதில் எதற்கும் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. ராம்ப் விதையிலிருந்து முளைத்துப் பூக்க ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கிழங்கோடு அள்ளி அள்ளிக் காடு காலியானதால் 1995-இல் கனடாவின் கியூபெக் மாகாணம் அதன் விற்பனையைத் தடை செய்தது. 2004-இல் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவும் அதைப் பறிப்பதை நிறுத்தியது. கிழங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே மூடி, மேலே சருகைப் பரப்பிவிட்டு வாருங்கள்.