தலைவலி எவ்ளோன்னு இல்ல, எவ்ளோ வேகமா ஏறுச்சுன்னு சொல்லுங்க

கேஷுவாலிட்டிக்கு தலைவலின்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, வலி ஆரம்பிச்சதுல இருந்து உச்சத்துக்குப் போக எவ்ளோ நேரம் ஆச்சுன்னுதான். வெயில்ல போனேன் டாக்டர், ராத்திரி தூங்கல, தலைக்குக் குளிச்சேன்னு காரணமா அடுக்குவாங்க, நான் கேட்டதுக்கு மட்டும் பதில் வராது. மைக்ரேன் பொதுவா கொஞ்சம் கொஞ்சமா ஏறும். மூளை ரத்தக்குழாய்ல பலூன் மாதிரி புடைச்சிருக்கிற அனியூரிசம் வெடிச்சா அப்படி இல்ல, ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடும். கூடவே வாந்தி, வெளிச்சம் பாக்க முடியாது, சிலருக்கு மயக்கம், வலிப்பு. கழுத்து இறுக்கம் சில மணி நேரம் கழிச்சுதான் வரும், அதனால கழுத்து நல்லாத்தானே இருக்குன்னு நிம்மதியாகாதீங்க.

இதெல்லாம் வயசானவங்களுக்குன்னு நினைக்கிறாங்க. நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011ல ஜிம்ல இருக்கும்போது வெடிச்சப்ப வயசு 24.

எனக்கு பயம் எதுலன்னா, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டு வலி குறைஞ்சதும் சரியாயிடுச்சுன்னு படுத்துடுறாங்களே அதுலதான், வலி குறைஞ்சா மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு அர்த்தம் கிடையாது, மறுபடி வெடிக்கிற ஆபத்து முதல் 24 மணி நேரத்துலதான் ரொம்ப அதிகம். வலி ஆரம்பிச்ச 6 மணி நேரத்துக்குள்ள சிடி ஸ்கேன் எடுத்தா கசிவு கிட்டத்தட்ட தப்பவே தப்பாது. லேட்டானா சிடி நார்மல்னு வந்தாலும் நம்ப முடியாது, முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுத்துப் பாக்கணும், அங்கதான் சொந்தக்காரங்க "இடுப்பு விளங்காம போயிடும்"னு பயமுறுத்தி கையெழுத்து போட்டு கூட்டிட்டுப் போயிடுறாங்க. அப்படிலாம் போகாதுங்க, அந்த ஊசி நரம்புத் தண்டு முடிஞ்ச இடத்துக்குக் கீழதான் போடுவோம். வரும்போது பைக்ல நடுவுல உக்கார வச்சு கூட்டிட்டு வராதீங்க, 108 கூப்பிடுங்க.

வெடிக்காத அனியூரிசம் பெரியவங்கள்ல 100ல சுமார் 3 பேருக்கு இருக்கும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, நிறைய வெடிக்காமலே கிடக்கும். ஆனா ஒரு பக்க இமை திடீர்னு தொங்கி, அந்தக் கண்ணுல பாப்பா (நடுவுல இருக்கிற கருப்பு வட்டம்) விரிஞ்சு, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா அன்னைக்கே ஸ்கேன் பாக்கணும். சுகர்லயும் இமை தொங்கும்தான், அதுல பாப்பா பொதுவா விரியாது.

பிபி, சிகரெட் ரெண்டும் ஆபத்தைக் கூட்டும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்கள்ல ரெண்டு பேருக்கு அனியூரிசம் இருந்திருந்தாலோ, பரம்பரையா கிட்னில நீர்க்கட்டி வர்ற குடும்பமா இருந்தாலோ, மூளை ரத்தக்குழாயைப் பாக்குற எம்ஆர் ஆஞ்சியோ ஸ்கேன் எடுக்கணுமான்னு நியூரோ டாக்டர்கிட்ட கேளுங்க, அதுக்கு பெரும்பாலும் ஊசி மருந்துகூட தேவைப்படாது.