மாலை கழற்றிய மறுநாள்

தை பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் என் அறைக்கு யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, அதிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, ஒரு மண்டலம் முழுக்க ஒரு பீடியைக்கூடத் தொடாமல் இருந்தவர்கள். மலைக்குப் போய் வந்தாயிற்று. மாலையையும் கழற்றியாயிற்று. மறுநாளே பீடிக்கட்டு சட்டைப் பைக்குத் திரும்பிவிட்டது. அதன் பின்னாலேயே இருமலும்.

“எனக்கெல்லாம் இதை விட முடியாது டாக்டரம்மா. முப்பது வருடப் பழக்கம், ரத்தத்தில் ஊறிவிட்டது” என்பார்கள். போன வாரம் வரை விட்டிருந்தவர் சொல்கிறார் இதை! அந்த 48 நாட்களை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது சாமிக்காக இருந்தது, அதனால் தன்னுடைய சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை என்று நினைக்கிறார். எனக்கோ, புகையை விடுவது எப்படி என்பதற்கான பதில் முழுவதும் அந்த 48 நாட்களுக்குள்தான் இருக்கிறது என்று படுகிறது.

நான் தர்மபுரியில் நெஞ்சக நோய் மருத்துவர். பென்னாகரம், அரூர், காரிமங்கலம் பக்கத்து விவசாயிகள், பர்கூரில் கிரானைட் அறுப்பவர்கள், ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். “புகைப் பழக்கம் உண்டா?” என்று கேட்டால் ஆண்கள் பெரும்பாலும் “எப்போதாவது” என்பார்கள். பின்னால் நிற்கும் மனைவி, அவருக்குத் தெரியாமல் எனக்கு இரண்டு விரலைக் காட்டுவார். இரண்டு பீடி அல்ல, இரண்டு கட்டு.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் இவர்களைப் பயமுறுத்தினேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, “இப்படியே போனால் இரண்டு வருடம்தான்” என்று குரலை உயர்த்தினேன். பயந்தவர்களில் பலர் புகையை விடவில்லை, என்னிடம் வருவதை விட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஒருவரை ஆக்சிஜன் உருளையோடு அழைத்து வந்தார்கள். “பீடியை விட முடியவில்லையம்மா. நீங்கள் திட்டுவீர்களே என்றுதான் இவ்வளவு நாள் வரவில்லை” என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை இந்த விஷயத்தில் நான் யாரையும் திட்டியதில்லை.

மாலை போட்டிருக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில், தேதி குறிக்கப்பட்டுவிடுகிறது. ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. அடுத்து, ஊருக்கே தெரிந்துவிடுகிறது. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் கூட வேலை செய்பவன் பீடியை நீட்டுவதில்லை, தான் பிடித்துக்கொண்டிருந்தாலும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். அழைக்கும் பெயரே மாறிவிடுகிறது. மனைவி முதல் முதலாளி வரை ‘சாமி’ என்கிறார்கள். கண் விழித்ததும் பற்றவைக்கும் நேரத்தில் குளியலும் பூஜையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தடுமாறினால் கேட்க குருசாமி இருக்கிறார். பக்தியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்தி ஒரு மனிதனைச் சுற்றி இத்தனை ஏற்பாடுகளைச் செய்து தருகிறது என்கிறேன். நோன்பு மாதத்தில் விடிகாலை முதல் அந்தி வரை புகையைத் தொடாத கிருஷ்ணகிரிப் பெரியவர்களும், தவக்காலத்தில் 40 நாட்கள் நிறுத்தும் கிறிஸ்தவ நண்பர்களும் இதே வழியில்தான் முடித்துக்காட்டுகிறார்கள். வெறும் மனவுறுதியை மட்டும் நம்பி, எந்தத் துணையும் இல்லாமல் விடுபவர்களில் ஓராண்டு தாண்டுபவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். வைராக்கியம் இல்லாததால் தோற்றேன் என்று யாரும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

இனி உடம்பின் கணக்கு. இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். இரவு முழுக்க வற்றிப்போவதால்தான் விடிந்ததும் கை பீடியைத் தேடுகிறது. கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி என்றால் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள். விட்ட இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் அப்போது உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்படியானால் 48-வது நாளில் உடம்பு ஏறத்தாழ விடுதலை பெற்றுவிட்டது. மாலையைக் கழற்றிய மறுநாள் பீடியைக் கேட்பது உடம்பு அல்ல. பழைய டீக்கடையும் பழைய கூட்டாளியும் ‘விரதம்தான் முடிந்துவிட்டதே’ என்கிற எண்ணமும்தான் கேட்கின்றன. கரடுமுரடான ஏற்றத்தை எல்லாம் ஏறி முடித்துவிட்டு, சமதளம் வந்ததும் திரும்பிக் கீழே இறங்குவது போன்றது இது. எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகையில் ஒரு சாமி வந்தார். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர், வயது 43. சளிக்கு மருந்து கேட்டு வந்தவரிடம், “மாலை கழற்றிய பிறகும் விட்டிருக்க உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கிறதா சாமி?” என்று கேட்டேன். புற்றுநோய், மாரடைப்பு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் தீர்த்தமலையைச் சொன்னார். குடும்பத்தோடு போயிருந்தபோது அவரைவிடப் பத்து வயது மூத்த அக்கா மலையேறிக் கோயிலுக்குப் போய்விட்டார். இவருக்குப் பாதியில் மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்து, எல்லோரும் திரும்பி வரும்வரை அவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்திருக்கிறார். “செருப்புக்குக் காவல் இருந்தேன் அம்மா” என்று இரண்டு முறை சொன்னார். நோயாளிக் குறிப்பேட்டில் மருந்துப் பெயர்களுக்கு மேலே அதைத்தான் எழுதினேன். காரணம் என்பது இப்படி அவரவர் நெஞ்சில் தைத்ததாக இருக்க வேண்டும். நான் கொடுக்கும் காரணம் என் அறை வாசலைத் தாண்டாது.

பிறகு அவருடைய ஒரு நாளைப் பீடி பீடியாகப் பிரித்தோம். நாளுக்கு 25 என்றாலும் உண்மையில் அவரைப் பிடித்து வைத்திருந்தவை மூன்றுதான். முதலாவது, காலைக்கடனுக்கானது. பீடி பிடித்தால்தான் வெளிக்கு வரும் என்று நம் பக்கத்தில் பாதி ஆண்கள் நம்புகிறார்கள். முற்றிலும் பொய்யும் அல்ல. நிக்கோட்டின் குடலைத் தூண்டும், திடீரென்று விட்டால் சில வாரம் மலச்சிக்கல் வரும். எழுந்ததும் இரண்டு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், இரவில் கொய்யாப்பழம், உணவில் கீரையும் கேழ்வரகும் போதும். குடல் தன் வழக்கத்துக்கு வந்துவிடும். இரண்டாவது, சாப்பிட்டு எழுந்ததும் பிடிப்பது. கை கழுவியதும் வாய் கொப்பளித்து ஒரு லவங்கத்தை அடக்கிக்கொள்ளச் சொன்னேன். மூன்றாவது, தொப்பூர் கணவாய்க்கு முன்னால் தூக்கம் கலைக்கப் பிடிப்பது. இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். வண்டியை ஓரம் கட்டி 20 நிமிடம் கண் அயர்வதற்குப் பீடி ஒருபோதும் ஈடாகாது.

மருந்துகள் உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. “வாங்கிப் பார்த்தேன், விக்கல் வந்தது, நெஞ்சு எரிந்தது, தூக்கிப்போட்டேன்” என்பவர்களிடம் எப்படி மென்றீர்கள் என்று கேட்பேன். பிள்ளைகள் மெல்வதுபோலத் தொடர்ந்து மென்று எச்சிலை விழுங்கியிருப்பார்கள். அது அப்படி அல்ல. மெல்ல நான்கைந்து முறை கடித்து, காரம் போலச் சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி கடித்து, வாயின் மறுபக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாய்ச் சதை வழியாகத்தான் ஏற வேண்டும், வயிற்றுக்குப் போனால்தான் விக்கல். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, குளிர்பானம் கூடாது. தோலில் ஒட்டும் பட்டைகளும் இருக்கின்றன. பியூப்ரோபியான், வரெனிக்ளின் ஆகிய மாத்திரைகளை விடும் தேதிக்கு ஒரு வாரமாவது முன்பே தொடங்க வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் பியூப்ரோபியானைத் தொடவே கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் சூயிங்கத்துக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விட்டபின் சில வாரம் இருமல் கூடலாம். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. ‘பீடியை விட்டதால்தான் இருமல் வந்தது’ என்று மீண்டும் பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும். ரத்தம் கலந்து வந்தாலோ மூன்று நான்கு வாரம் தாண்டினாலோ மட்டும் உடனே காட்டுங்கள். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: புகைப்பவர் உடம்பு காபி, டீயிலுள்ள காஃபீனை வேகமாக வெளியேற்றும். விட்டதும் அது மெதுவாகும். அதே ஐந்து டீ இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும், நீங்கள் அதைப் புகை ஏக்கம் என்று எண்ணுவீர்கள். டீயைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால், மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் விட்ட செய்தியை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

“பீடி இயற்கை இலைதானே” என்பவர்களுக்கு: அந்த இலை வழியே காற்று எளிதில் புகாது, பீடி அணைந்து அணைந்து போகும், அதனாலேயே அடிக்கடி, ஆழமாக இழுக்கிறீர்கள். தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவாக வருவதில்லை. “ஒன்றாகக் குறைத்துவிட்டேன்” என்பவர்களுக்கு: நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. குறைப்பது படியாக இருக்கலாம், அங்கேயே குடியிருக்க முடியாது. “இனி விட்டு என்ன ஆகப்போகிறது” என்னும் பெரியவர்களுக்கு: பிரிட்டனில் 1951-ல் தொடங்கி, மருத்துவர்களையே அரை நூற்றாண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. 60 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 3 ஆண்டும், 50-ல் விட்டவர்களுக்கு 6 ஆண்டும், 40-ல் விட்டவர்களுக்கு 9 ஆண்டும், 30-ல் விட்டவர்களுக்கு 10 ஆண்டும் ஆயுள் திரும்பக் கிடைத்தது. 60 வயதில் மூன்று ஆண்டு என்பது சின்ன விஷயமா?

கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குபவர் அட்டையைப் பார்ப்பதேயில்லை. இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களிடமும் கேளுங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. அவர் தடுமாறி ஒரு பீடி பிடித்துவிட்டால் “அப்போதே தெரியும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பீடியோடு நின்றால் அது சறுக்கல்தான். ‘எல்லாம் போயிற்று’ என்று அவர் ஒரு கட்டு வாங்கும்போதுதான் பழக்கம் திரும்புகிறது. அந்த இடத்தில் உங்கள் ஒரு சொல்லுக்கு என் மருந்தைவிட வலிமை அதிகம்.

ஓட்டுநர் விஷயத்துக்கு வருகிறேன். மாலை கழற்றும் நாளை முடிவாக வைக்காமல், அன்றைக்கே அடுத்த 48 நாளை எண்ணத் தொடங்குவது என்று பேசிக்கொண்டோம். அதிகாலைக் குளியலை நிறுத்தக்கூடாது. பீடிக்கட்டு இருந்த பையில் வறுத்த கடலையும் நிக்கோட்டின் சூயிங்கமும். குருசாமியிடமும் மனைவியிடமும் சொல்லியாயிற்று. கை தானாக நீண்டால் அந்த நிமிடமே எனக்குப் போன் செய்யலாம் என்று எண்ணைக் கொடுத்திருந்தேன்.

தை மாதம், மாலை கழற்றி நான்காம் நாள், இரவு பத்தரைக்கு அழைத்தார். தொப்பூருக்கு முன்னால் டீக்கடையில் நிற்கிறார். கூட வந்த கிளீனர் பற்றவைத்த பீடியை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

“என்ன செய்யட்டும் டாக்டரம்மா?”

“வண்டியில் ஏறி உட்காருங்கள் அண்ணா. கிளப்ப வேண்டாம். கதவை மூடிவிட்டு என்னோடு பேசுங்கள்.”

கதவு மூடும் சத்தம் கேட்டது. அடுத்து என்ன பேசுவதென்று எனக்குச் சட்டென்று தோன்றவில்லை. பாலக்கோட்டில் இன்று தக்காளி என்ன விலை என்று கேட்டேன். பெட்டி விலை சொன்னார். போன வாரம் இதைவிட எவ்வளவு இறங்கியிருந்தது, எத்தனை பேர் பறிக்காமலே தோட்டத்தில் விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பேச்சை நிறுத்தி, ஒரு பெருமூச்சு விட்டார்.

“போய்விட்டது அம்மா. வைக்கட்டுமா?” என்றார்.